கட்டிலிலிருந்து நீ விழவில்லை

கண்ணு, ஐந்து நாளாக நீ போனை எடுக்கவில்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். ஆனால் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இருபத்தெட்டு வருஷமாக அதைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். நேரில் பேசத் தொடங்கினால் நீ கத்துவாய், நானும் கத்துவேன், விஷயம் வெளியே வராமலே போய்விடும். கடிதத்தை நீ கிழித்துப் போடலாம், ஆனால் நான் எழுதி முடிக்கும்வரை குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். வேறு யாராவது எடுத்துப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. ஞாயிற்றுக்கிழமையில் கையில் குழந்தையோடு வீட்டில் தனியாக இருக்கிற எந்த அப்பன் படித்தாலும் சரிதான்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லாமல் வந்துவிட்டேன். பேத்தியைப் பார்த்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளியும் பீர்க்கங்காயும் நன்றாக இருந்தன. ஒரு பையில் போட்டுக்கொண்டு ஓசூர் பஸ் ஏறி, அங்கிருந்து ஜூஜுவாடி வந்து இறங்கியபோது மணி பத்து இருக்கும். மருமகள் ரேவதிக்கு வார லீவு செவ்வாய்க்கிழமை, உனக்குச் சனி ஞாயிறு. அதனால் அந்த இரண்டு நாளும் பாப்பா உன் பொறுப்பு என்று எனக்குத் தெரியும். நான் செய்யாததை என் மகன் செய்கிறான் என்று மார்க்கெட்டில் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டும் இருந்தேன். மாடிப்படி ஏறும்போதே அழுகைச் சத்தம் கேட்டது. பசிக்கு அழுவது போலில்லை. வெகு நேரமாக அழுது தொண்டை கட்டிப்போன அழுகை.

கதவு சாத்தியிருந்தது. வராந்தா ஜன்னல் திறந்திருந்தது, அதன் வழியாகப் பார்த்தேன். பால் பாட்டிலை நீ சுவரில் வீசியிருந்தாய். சுவரெல்லாம் பால் வழிந்துகொண்டிருந்தது. நனைந்த துணிகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. நீ பாப்பாவை இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாய். ஐந்து மாதக் குழந்தையின் தலை முன்னும் பின்னும் ஆடியது. "வாய மூடு. மூடுறியா இல்லியா." நீ கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னாய். அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். அப்புறம் அவளைக் கட்டிலில் போட்டாய். இல்லை, எறிந்தாய். இந்தக் கடிதத்தில் எதையும் பூசி மெழுகி எழுதக்கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து உன்னை அறைந்தேன். முப்பது வருஷம் கம்பெனியில் தகடு அடிக்கிற பிரஸ் ஓட்டிய கை, உன் உதடு கிழிந்துவிட்டது. நீ என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து என்னைப் பீரோவில் மோதினாய். பீரோக் கண்ணாடி உடைந்து புருவத்துக்கு மேல் வெட்டியது. இரண்டாவது தடவையும் மோதினாய். அப்போது என் முகத்துக்கு நேராக நின்று, "நீ என்னைய அடிக்காத நாளு ஒன்னு சொல்லுப்பா. நான் அவள அடிக்கல. நான் ஒன்ன மாதிரி இல்ல" என்றாய். அந்த நேரத்தில்தான் பாப்பாவின் சத்தம் நின்றது. இரண்டு பேரும் அப்படியே திரும்பிப் பார்த்தோம். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள். நீ என் சட்டையை விட்டாய். அவள் மறுபடி அழத் தொடங்குவதற்குள் நான் எத்தனை சாமியைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. உன் முகத்தையும் பார்த்தேன். அதில் கோபம் இல்லை, உயிரே இல்லை.

அதற்கப்புறம் நீ சுவரைத் துடைத்தாய், துணிகளை அலசிப் போட்டாய், இன்னொரு பாட்டில் பால் கலந்து கொடுத்தாய். உன் மார்மேலேயே பாப்பா தூங்கிவிட்டாள். துண்டை நெற்றியில் அழுத்திக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற விதமும் தூங்குகிற குழந்தையின் கழுத்து வேர்வையைத் துடைக்கிற விதமும் பார்த்தால், எந்த நல்ல தகப்பனுக்கும் நீ குறைந்தவன் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மூன்று மணிக்கு ரேவதி ஷிப்ட் முடித்து வந்தாள். உடைந்த கண்ணாடியைப் பார்த்தாள், உன் உதட்டைப் பார்த்தாள், என் நெற்றியைப் பார்த்தாள். "அப்பா கால் தடுக்கி பீரோ மேல வுழுந்துட்டாரு. புடிக்கப் போயி எனக்கும் இடிச்சிக்கிச்சு" என்று நீ சொன்னாய். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது கண்ணாடி வெட்டியது வலிக்கவில்லை. தலையை ஆட்டியதுதான் வலித்தது. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் போனை எடுத்து ரேவதியைக் கூப்பிட்டு, உன் புருஷன் குழந்தையை உலுக்கினான், கட்டிலில் எறிந்தான், காலையில் டாக்டரிடம் காட்டு, மறைக்காமல் சொல்லிக் காட்டு என்று ஒரே மூச்சில் சொன்னாள். நான் சொல்லியிருக்க வேண்டியது. எனக்குத் தைரியம் வரவில்லை. திங்கட்கிழமை டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்து, தலைக்கு ஸ்கேன் எடுத்து, இந்தத் தடவை ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னாராம். உலுக்கினால் மூளையில் ரத்தம் கட்டும், பார்வை போகலாம், உயிரே போகலாம் என்றும் சொன்னாராம். உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டோம் என்று உனக்கு எங்கள் மேல் கோபம். இருக்கட்டும். நீ என்னைப் போல இல்லை என்று சொன்னாய் அல்லவா, அதற்குத்தான் இப்போது பதில் எழுதப் போகிறேன்.

அப்போது நாம் சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். வரிசையாக ஆறு அறை, மேலே சிமெண்ட் ஷீட், எல்லாருக்கும் ஒரே குழாய். நாட்றாம்பாளையத்திலிருந்து வந்து பிரஸ் ஷாப்பில் சேர்ந்து எனக்கு மூன்று வருஷம் ஆகியிருந்தது. வாரத்தில் ஆறு நாள் அந்தச் சத்தத்தில் நிற்பேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் சத்தமே இல்லாமல் கிடக்க வேண்டும் என்று உடம்பு கேட்கும். உனக்கு ஏழு மாதம். பல் முளைக்கிற நேரம், வயிற்றுப்போக்கு வேறு. ஞாயிறு என்றால் உன் அம்மாவுக்கு ஒரு வாரத்துத் துணி துவைக்கிற நாள். உன்னைத் தூளியில் போட்டு, பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் விட்டுவிட்டுக் குழாயடிக்குப் போவாள். தூளியை ஆட்டுவதுதான் அந்த வாரத்தில் நான் உனக்குச் செய்கிற ஒரே வேலை.

நான் சொல்ல வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் பகல் ஷிப்டில் என் பக்கத்து மெஷினில் நின்றவனின் கை பிரஸ்ஸுக்குள் போய்விட்டது. மூன்று விரல். அச்சிலிருந்து அவற்றை எடுத்து பிளாஸ்டிக் கவரில் போட்டது நான்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல கறி வாங்கி வந்தேன், உன் அம்மா குழம்பு வைத்தாள், தட்டைப் பார்த்ததும் தள்ளி வைத்துவிட்டேன். இதைத்தான் இத்தனை வருஷமாக எனக்குள் காரணமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் விரல் போனவனுக்கும் வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அடுத்த மாதம் கட்டுப்போட்ட கையோடு அந்தக் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவன் பஸ் ஸ்டாப்பில் நின்றதை நான் பார்த்தேன். குழந்தை அழுதுகொண்டிருந்தது. அவன் அதன் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றான். அன்றோடு அந்தக் காரணம் செத்துப்போயிருக்க வேண்டும். நான்தான் விடவில்லை.

நீ காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தாய். நான் தூளியை வேகமாக ஆட்டினேன். நீ இன்னும் அழுதாய். ஒரு வேகத்தில் தூளி சுவரில் போய் இடித்தது. அப்புறம் உள்ளே கையை விட்டு, உன் இடது கையை மட்டும் பிடித்து, கொடியில் காய்கிற துணியை இழுக்கிற மாதிரி உன்னை வெளியே இழுத்தேன். பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை கண்ணு. விரலில் சொடக்கு எடுத்த மாதிரி ஒரு சின்னச் சத்தம். அந்தக் கையைப் பிடித்தபடியே உன்னைக் கட்டிலில் வீசினேன். ஒரு நொடி நீ மூச்சை அடக்கினாய், சத்தம் நின்றது. அந்த ஒரு நொடியில் நான் நினைத்தது என்ன தெரியுமா? அப்பாடா என்றுதான் நினைத்தேன். நான் செய்ததிலேயே கேவலமானது உன் கையை ஒடித்தது இல்லை, அந்த நினைப்புதான்.

அப்புறம் நீ அழுத அழுகையைக் கேட்டு உன் அம்மா சோப்புக் கையோடு ஓடி வந்தாள். உன் கை தொங்குவதைப் பார்த்தாள். என்ன பண்ணினீங்க என்று கேட்டாள். கட்டிலிலிருந்து விழுந்துவிட்டான் என்றேன். தூளி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவள் தூளியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அப்படிப் பார்த்ததற்காக அவளை அறைந்தேன். அவள் உன்னைக் கையில் வைத்திருக்கும்போதே அறைந்தேன், அவள் தலை நிலைப்படியில் போய் இடித்தது. பக்கத்து அறை மும்தாஜ் அக்காதான் உள்ளே வந்து அவளையும் உன்னையும் இழுத்துக்கொண்டு போய் ஆட்டோ பிடித்தாள். நான் போகவில்லை. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்கு உன் அம்மா, கட்டிலிலிருந்து விழுந்துவிட்டான் சார் என்று சொல்லியிருக்கிறாள். என் பொய்யை அவள் வாயால் சொல்ல வேண்டியதாகிவிட்டது. சாயங்காலம் தோளிலிருந்து மணிக்கட்டுவரை மாவுக்கட்டோடு உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாசலிலேயே நின்று என்னிடம், "இனிமே நீ இவன தொடாத" என்றாள். அதுவரை நான் அவளுக்கு 'நீங்க'. அன்றிலிருந்து இன்றுவரை 'நீ'தான்.

மும்தாஜ் அக்கா இரண்டு நாள் கழித்து வந்தாள். என்னைத் திட்டவில்லை. "புள்ள அழுதா ஒன்னும் ஆவாது தம்பி. அழுது எந்தப் புள்ளயும் சாவல. ஒனக்குக் கை பரபரன்னுச்சின்னா கீழ வெச்சிட்டு வெளிய போயிடு. கதவ சாத்திட்டுப் போ" என்றாள். அவளையும் அடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் என்னிடம் அதுவரை யாரும் சொல்லாத ஒரு வழியை அவள் சொன்னாள். இப்போது உனக்குச் சொல்ல என்னிடம் இருப்பதும் அது ஒன்றுதான்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் உன் அம்மா உன்னை எடுத்துக்கொண்டு மும்தாஜ் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். துணியைக்கூட அங்கிருந்தபடியே துவைப்பாள். நான் கேட்ட அமைதி எனக்குக் கிடைத்துவிட்டது. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் நீ சிரிப்பது கேட்கும். நடக்கப் பழகிய பிறகு ஒரு நாள் நீயாகவே வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன்னைத் தூக்கலாமா என்று நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவள் வெகு நேரம் கழித்துத் தலையசைத்தாள். அத்தோடு நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் உனக்குப் பத்து வயதானபோது பெல்ட்டால் அடித்தேன், பன்னிரண்டில் உன் தலையைச் சுவரில் மோதினேன், அதெல்லாம் உனக்கே ஞாபகம் இருக்கும். என் கோபம் போனது நான் நல்லவனானதால் இல்லை. எனக்குத் தோள் வலி வந்தது, நீ என்னைவிட உயரமானாய், அதனால் போனது. என் அப்பா என்னை அடித்ததைப் பற்றி அரைப்பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டுக் கோடு போட்டு அடித்துவிட்டேன். உன் கையை ஒடித்தது அவர் இல்லை.

உனக்குப் பத்தொன்பது வயதில் மிலிட்டரிக்கு ஆள் எடுத்தார்கள். ஒரு வருஷம் தினமும் ஓடினாய். ஓட்டத்தில் முதல் பத்துப் பேரில் வந்தாய். மருத்துவப் பரிசோதனையில் கையை நீட்டச் சொன்னார்கள், இடது முழங்கை முழுதாக நீளவில்லை. மைதானத்துக்கு வெளியே கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். நீ சட்டையைக் கையில் பிடித்தபடி வந்தாய். எப்படி ஆச்சு என்று அவர்கள் கேட்டதாகவும், சின்ன வயதில் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டேன் என்று சொன்னதாகவும் சொன்னாய். அது தலையெழுத்து கண்ணு என்றேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் கூசவில்லை.

அன்று சாயங்காலம் நீ அந்தக் கட்டிலை வாசலுக்கு இழுத்து வந்தாய். கோடாலியை எடுத்து வெட்ட ஆரம்பித்தாய். கால்களை வெட்டினாய், சட்டத்தை வெட்டினாய், அதற்கப்புறமும் நிறுத்தாமல் சிராய் சிராயாகப் பிளந்தாய். ஒரு சில்லு தெறித்து உன் கன்னத்தில் குத்தி ரத்தம் வந்தது, நீ துடைக்கக்கூட இல்லை. உன் அம்மா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இப்போதாவது சொல் என்று அவள் கண் சொன்னது. நான் குனிந்து விறகைப் பொறுக்கினேன். ஒரு வாரம் அந்த விறகில்தான் வெந்நீர் போட்டோம். கண்ணு, அந்தக் கட்டில் உன்னை ஒன்றும் செய்யவில்லை. நீ வெட்டியிருக்க வேண்டியது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

அதனால், நான் ஒன்ன மாதிரி இல்ல என்று நீ சொன்னதற்கு என் பதில் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை நீ என்னைப் போலத்தான் இருந்தாய், அச்சு அசலாக. அதைவிட, ரேவதியிடம் சொன்ன பொய்யில் இன்னும் அதிகமாக இருந்தாய். உலுக்கியதற்காவது அழுகை, தூக்கமின்மை, தனிமை என்று எதையாவது சொல்லலாம். பொய்யை நிதானமாக இருக்கும்போது சொன்னோம். நான் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டதால் எனக்கு உதவி கேட்கவும் வழியில்லாமல் போனது. விழுந்த குழந்தைக்கு மருந்து உண்டு, இழுத்தவனுக்கு யார் மருந்து கொடுப்பார்கள்? உனக்கு அந்த வழி இன்னும் அடைபடவில்லை. ரேவதிக்கு விஷயம் தெரியும். டாக்டருக்கும் தெரியும், அவர் உன்னையும் மனசுக்கு வைத்தியம் பார்க்கிற ஒருவரிடம் அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறாராம். போய்விட்டு வா. போகிறவனைப் பைத்தியம் என்று எவனாவது சொன்னால் அவனிடம் உன் இடது கையைக் காட்டு.

பாப்பா அழும், இன்னும் ஒரு வருஷத்துக்கு அழும். பால் குடித்தாளா, துணி நனைந்திருக்கிறதா, எறும்பு கடித்திருக்கிறதா என்று பார். எல்லாம் பார்த்த பிறகும் அழுதால், உன் பல் கடிபடுகிறது என்று தெரிந்தவுடனே அவளைத் தரையில் பாயில் மல்லாக்கப் படுக்க வை. கதவைச் சாத்திவிட்டு மாடிப்படியில் போய் உட்கார். அங்கிருந்து எனக்குப் போன் செய். என்னைத் திட்டவாவது செய். திட்டித் தீருகிறவரை கேட்கிறேன். அதற்குள் உன் கையின் பரபரப்பு அடங்கிவிடும். நீ குழந்தையாக இருந்தபோது அந்த ஒரு தடவை நான் எழுந்து வெளியே போயிருந்தால், நீ இன்று எங்கேயோ எல்லையில் துப்பாக்கி பிடித்து நின்றிருப்பாய்.

இதுவரை எழுதிவிட்டு, உன் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவளைப் பற்றியும் எழுதியிருக்கிறேன், அவள் படிக்காமல் அனுப்பக்கூடாது என்று தோன்றியது. கண்ணாடி போட்டுக்கொண்டு சமையலறையில் நின்றபடியே கடைசிவரை படித்தாள். முடித்துவிட்டுக் காகிதங்களை என்னிடம் நீட்டினாள்.

"ஒரு தடவன்னு எழுதியிருக்க" என்றாள்.

நான் காகிதங்களை வாங்கிக்கொண்டேன்.

"அவனுக்கு மூணாம் மாசத்துல தலவாணிய எடுத்து மூஞ்சில வெச்சியே. நான் பால் வாங்கிட்டு சீக்கிரம் வந்ததால புடுங்கினேன். அதையும் எழுது."

மறந்துவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மறக்கவில்லை கண்ணு. சத்தம் கேட்காமலிருக்கத்தான் வைத்தேன், அழுத்தவில்லை என்று இத்தனை வருஷம் என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன். அழுத்தினேனா இல்லையா என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அவளுக்குத் தெரியும், அவள்தான் என் கையை அதிலிருந்து பிரித்தாள். நான் கேட்டேன். அவள் சொன்னாள். அழுத்தியிருக்கிறேன். மேலே எழுதியதை மாற்றவில்லை. இவ்வளவு உண்மை பேசுகிறேன் என்று உட்கார்ந்து எழுதும்போதும் என் கை எதை ஒளித்தது என்று நீ பார்த்துக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை காலையில் உன் அம்மா அங்கே வருகிறாள். ரேவதி கூப்பிட்டிருக்கிறாள். இனி சனி ஞாயிறு இரண்டு நாளும் அவள் பாப்பாவோடும் உன்னோடும் இருப்பாள். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை. எழுதி முடித்ததும் அவள் எதிரே உட்கார்ந்து, எழுதியதைப் படித்துக்காட்டச் சொன்னாள். தலையணை பற்றி எழுதியதைச் சத்தமாகப் படித்தேன். அவள் முழுதும் கேட்டுவிட்டு எழுந்து, "இப்ப அனுப்பு" என்றாள்.